மலருக்கு இடம்தராத பூச்சாடி

பித்ரிப் பூச்சாடியைக் கையிலெடுப்பவர் முதலில் வியப்பது அதன் கருமையை; அடுத்து அதன் கனத்தை. துத்தநாகம் பெரும்பங்கும் செம்பு சிறுபங்குமாக உருக்கி, மண் அச்சில் வார்த்த உடல் அது. உளியால் பள்ளம் கீறி வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ அடித்துப் பதித்தபின், பீதர்க் கோட்டையின் பழைய பகுதிகளில் எடுத்த மண்ணை நவச்சாரத்தோடு கரைத்து, சூடேற்றிய கலத்தின்மீது பூசுகிறார்கள். உடல் கறுக்கிறது; வெள்ளி மாறுவதில்லை.

17, 18ஆம் நூற்றாண்டுகளிலிருந்து நமக்கு எஞ்சியுள்ள சிறந்த பித்ரிக் கலங்களில் ஹூக்காவின் அடிக்கலங்கள் பல. நீரைத் தாங்கப் பருத்த வயிறு, குழலைப் பற்றக் குறுகிய கழுத்து: பயன்பாடே ஈன்ற வடிவம் அது. இன்றைய பூச்சாடிகள் பலவும் அந்த வயிற்றையும் கழுத்தையும் அப்படியே சுமந்து நிற்கின்றன. புகைக்குழலுக்குப் போதுமான வாயில் மூன்று காம்புகளைச் செருகிப் பாருங்கள், மலர்கள் மூச்சுத் திணறும்.

இஸ்லாமியக் கலை வெற்றிடத்தைக் கண்டு அஞ்சுகிறது என்று மேலைத் திறனாய்வாளர் சிலர் எழுதிவந்தனர். பழைய அடிக்கலங்கள் சிலவற்றைப் பார்த்திருந்தால் அவர்கள் தயங்கியிருப்பார்கள். அவற்றில் பூச்செடிகள் தனித்தனியே நிற்கின்றன; இடையிலுள்ள கருமை ஓவியத்தின் பகுதியாகவே அமைகிறது. கழுத்துமுதல் அடிவரை கொடியை நிரப்பும் இப்போதைய சாடிகளே அந்தப் பழிக்குச் சான்று தேடித்தருகின்றன. வெள்ளிப்பூக்கள் இத்தனை இருக்கையில் உயிர்ப்பூ எதற்கு?

உலோகத்தின் இயல்பும் மறக்கப்படுகிறது. நீர் தேங்கினால் துத்தநாகத்தின்மீது வெண்படலம் படியும். ஆகவே வாங்கியவர் நெகிழிப்பூவைச் செருகுகிறார், அல்லது வெறுமனே கண்ணாடி அலமாரியில் பூட்டுகிறார். (என் வீட்டுச் சாடியில் இப்போது பேனாக்கள் இருக்கின்றன.) 2006இல் புவிசார் குறியீடும், 2023இல் மூத்த கைவினைஞர் ஷா ரஷீத் அகமது காத்ரிக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்த கலையின் நிலை இது! பிழை உளிபிடித்த கையில் இல்லை, அதற்குமுன் வரையப்படும் உருவில் இருக்கிறது.

உள்ளே எடுத்துக் கழுவத்தக்க கண்ணாடிக் குவளை ஒன்று. அது நுழையுமளவு அகன்ற வாய். நீண்ட கிளையையும் சாயாது தாங்க அடியில் திரண்ட கனம். வேலைப்பாடு வயிற்றின் கீழ்ப்பகுதியோடு நின்றுவிடட்டும். வாயைச் சுற்றி நான்கு விரல் அகலம் கருமை மட்டும் இருந்தால், அங்கே ஒரு வெண்தாமரை நன்றாகத் தெரியும்.