வீட்டுக்கு வீடு போகும் சங்கீதம்

மதுரை மணி ஐயர் 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காலமானார். அவருடைய கச்சேரியை நேரில் கேட்டவர்கள் மயிலாப்பூரில்கூட இன்று மிகச் சிலரே இருப்பார்கள். ஆயினும், அவர் மறைந்த பின் பிறந்த இரண்டு தலைமுறையினர், அவருடைய கல்பனாஸ்வரத்தின் ஓட்டத்தையும், கச்சேரியின் பிற்பகுதியில் வரும் இங்கிலீஷ் நோட்டின் குதூகலத்தையும், தம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் குரலை அறிந்திருப்பதுபோல் அறிந்திருக்கிறார்கள். இந்த அறிமுகத்தில் இசைத்தட்டுக் கம்பெனிகளின் பங்கு சொற்பம். வானொலியிலும் சபைகளிலும் கல்யாணப் பந்தல்களிலும் அவர் பாடியதை யாரோ ஒரு ரசிகர் ஸ்பூல் டேப்பில் பதிந்துகொண்டு, தம் வீட்டுக் கூடத்தில் பலமுறை கேட்டு, கேட்ட ஆனந்தத்தைத் தனியே வைத்துக்கொள்ள மாட்டாமல் அடுத்த தெரு நண்பருக்குக் கொடுத்து, அவர் பிரதி எடுத்து மற்றொருவருக்குக் கொடுத்து, இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்தவையே நாம் இன்று கேட்பவற்றில் பெரும்பகுதி.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாலை நடைக்கு வருபவர்களுள் சங்கீதப் பித்துக் கொண்ட இருவர் சந்தித்தால், க்ஷேமலாபம் விசாரித்து முடிந்ததும், "இப்போ ஆத்துல என்ன கேட்டுண்டிருக்கேள்?" என்ற கேள்வி வருவதைப் பலரும் கவனித்திருக்கலாம். தியாகராய நகரிலும் அடையாறு காந்தி நகரிலும் இதே கேள்வி வெவ்வேறு பேச்சு வழக்கில் கேட்கப்படுகிறது. விடையாக ஒரு வித்வானின் பெயர், ஓர் ஆண்டு, ஒரு ராகம் வரும். மறுநாள் அந்தப் பதிவே வரும். சாதாரணமாகத் தோன்றும் இந்த வழக்கத்தை ஒரு சம்பிரதாயம் என்றே மதித்து, அதன் குணதோஷங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது தகும். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதிவோடு கூட அதைக் கேட்டவரின் அபிப்பிராயமும் விவரமும் சேர்ந்து வந்த காலத்தில் இது ஒரு கல்வியாக இருந்தது, அவை உதிர்ந்துபோன இடத்தில் இது வெறும் சேகரமாகக் குறுகிவிட்டது.

வீட்டில் கூடிக் கேட்பது சென்னை நகரத்துக்கு இயந்திரங்கள் கொண்டுவந்த வழக்கம் அன்று. ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் இல்லத்தில் வாசித்ததைக் கேட்க வித்வான்களே சென்று அடக்கத்துடன் அமர்ந்திருந்தார்கள். பிறகு வந்த 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது மூன்றரை நிமிஷமே இடம் இருந்தது. அந்தச் சிறு எல்லைக்குள் ராகத்தின் சாயலையும் கீர்த்தனையின் உயிரையும் அடக்கிக் காட்டியவர்களின் சாமர்த்தியத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் 'வாசுதேவயனி' தட்டு வீடுதோறும் ஒலித்தது. 1951-ல் இளம் வயதிலேயே மறைந்த என். சி. வசந்தகோகிலம் நமக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் இத்தகைய தட்டுகளின் மூலமாகத்தான். ஒருவர் வாங்கிய தட்டை நாலு பேர் கேட்டார்கள். கேட்டு அலுத்ததும், அலுக்காமலே காசு முடை வந்தபோதும், தட்டுகள் மூர் மார்க்கெட்டுக்குப் போயின. அங்கிருந்து வேறு வீடுகளுக்கு வந்தன. அந்த மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது.

ஆனால் மூன்றரை மணி நேரக் கச்சேரியை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஸ்பூல் டேப்தான். ஆயிரத்து எண்ணூறு அடி நாடாவை விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் என்ற வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கத்தில் தொண்ணூற்றாறு நிமிஷம் கொள்ளும். 1952-ல் அகில இந்திய வானொலி தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் நடந்தது. ஆகவே, சனிக்கிழமை இரவில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்த ரசிகருக்கு, நாடாவைத் திருப்பாமலே முழுக் கச்சேரியும் கிடைத்தது. பிறகு கேசட் வந்தது. விலை குறைந்தது, வழக்கம் பரவியது, உத்தியோகஸ்தர் வீட்டு அலமாரிகளிலும் சங்கீதம் வரிசையாக நின்றது.

அந்தக் கேசட்டுகளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மடித்துச் செருகிய அட்டையில், பென்சிலைக் கூர்மையாகச் சீவிக்கொண்டு எழுதியதுபோன்ற சிறிய எழுத்தில், பாடியவர் பெயர், வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர் பெயர்கள், சபையின் பெயர், தேதி. அதன் கீழே 'ஏ' பக்கம், 'பி' பக்கம் என்று பிரித்து, ஒவ்வொரு உருப்படிக்கும் ராகம், தாளம், இயற்றியவர். ஓரத்தில் மட்டும் சிவப்பு மையில், "பைரவி நிரவல் – கட்டாயம்" என்று ஒரு குறிப்பு. எனக்கு இளமையில் இப்படிப்பட்ட ஒன்றைக் கொடுத்த மந்தைவெளி மாமா, "வாய்ப்பாட்டை மட்டும் கேட்டுட்டு வந்துடாதே, வயலின் எங்கே விட்டுக்கொடுக்கறது, எங்கே முன்னாடி போறதுன்னு கவனிச்சுச் சொல்லு" என்று சொல்லியே கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் போனபோது பரீக்ஷை நடத்துபவர்போல் கேட்கவும் செய்தார். சங்கீத சாஸ்திரம் படியாதவர்கள் கேள்வி ஞானத்தாலேயே நுட்பமான ரசிகர்களாக உருவானதற்கு, இத்தகைய பெரியவர்களின் சிறு வற்புறுத்தல்களே காரணம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜப்பானில், அயல்நாட்டு இசைத்தட்டுகளை வாங்க வசதியில்லாத இளைஞர்கள், ஒரு கோப்பைக் காப்பியோடு மணிக்கணக்காக உட்கார்ந்து ஜாஸ் தட்டுகளைக் கேட்ட கடைகள் இருந்தன. பல கடைகளில் பேசக் கூடாது என்பது நியமம். நம் வீட்டுக் கூடங்களிலோ பேச்சும் தலையாட்டலும் "பலே"யும் கலந்தே கேட்டோம். அந்தப் பேச்சில்தான் பயிற்சி நடந்தது.

இனி தோஷங்கள். அவை சிறியவை அல்ல.

நாடாவின் நீளத்துக்குச் சங்கீதத்தை வெட்டுவது முதலாவது. கேசட்டில் நாற்பத்தைந்து நிமிஷத்தில் பக்கம் முடிந்துவிடும். பிரதான உருப்படியின் ஸ்வரம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது 'டக்'கென்று நிற்கும். இதையாவது கருவியின் குறை என்று மன்னிக்கலாம். நாடாவை மிச்சப்படுத்துவதற்காகத் தனி ஆவர்த்தனத்தை வேண்டுமென்றே விட்டுவிட்ட பதிவுகள் எத்தனை எத்தனை! மிருதங்க வித்வான்கள் ஆயுள் முழுவதும் சிந்தித்துச் செப்பனிட்ட கோர்வைகள், 'பாட்டு முடிந்தது, தனிதானே' என்ற அலட்சியத்தில் காற்றோடு போயின. வாய்ப்பாட்டையே சங்கீதம் என்று கொண்ட ரசனையின் குறை இது. லயத்தைச் சரிபாதியாக உடைய ஒரு கலைக்கு இழைத்த அநீதி என்றே இதைச் சொல்வேன்.

சுருதி கெடுவது அடுத்தது. பிரதியின் பிரதியின் பிரதி என்று போகையில் கருவிக்குக் கருவி வேகம் மாறுகிறது. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியவர் ஆகிவிடுகிறார். காலப்பிரமாணமும் அந்த அளவுக்குத் துரிதப்படுகிறது, குரலின் கனமும் இளைத்துவிடுகிறது. ரசிகருக்கு இது சின்னக் குறை. அந்தப் பதிவையே குருவாகக் கொண்டு கமகங்களைப் பயிலும் மாணவருக்கோ, அந்த வித்வான் ஒருநாளும் பாடாத விறுவிறுப்பே பாணி என்று மனத்தில் படிந்துவிடும்.

இவற்றைவிட ஆழமான ஒரு குறை உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. டேப் ரிக்கார்டர் ஒரு காலத்தில் எல்லோரும் வாங்கக்கூடிய பொருளாக இருக்கவில்லை. யாருடைய வீட்டில் அந்தக் கருவி இருந்ததோ அவருடைய ரசனையே நாளடைவில் சரித்திரம் ஆகிவிட்டது. சபைகளில் முன்வரிசையில் அமர்ந்தவர்கள் சபை வித்வான்களைப் பதிந்தார்கள். கோயில் புறப்பாட்டில் விடியும்வரை வாசித்த நாகஸ்வர வித்வான்களுக்குப் பின்னால் டேப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அபூர்வம். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு இசைத்தட்டு இருந்தது. அவருக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ வாசித்த எத்தனையோ பேருக்குத் தட்டும் இல்லை, நாடாவும் இல்லை. ஆகையால், கைமாறி வந்த பதிவுகளை வைத்துக்கொண்டு 'அந்தக் காலத்துச் சங்கீதம் இதுதான்' என்று முடிவு கட்டுவது, ஒரு தெருவை மட்டும் பார்த்துவிட்டு ஊரை வர்ணிப்பதற்கு ஒப்பாகும்.

பதுக்கி வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'என்னிடம் மட்டும் இருக்கிறது' என்ற அபிமானத்தால் பெட்டிக்குள் பூட்டப்பட்ட நாடாக்கள் சென்னையின் ஈரக் காற்றில் பூஞ்சை பூத்து ஒருவருக்கும் பிரயோஜனமின்றிப் போயின. ரசிகர்களுக்கு இதைவிட இழிவு வேறில்லை.

தற்கால நிலைக்கு வருவோம். கைப்பேசியில் வாட்ஸப் வழியாக நாள்தோறும் சங்கீதம் வந்து குவிகிறது. மூன்று நிமிஷ ஸ்வரக் கோர்வை, முடிவில் கரகோஷம். யார் பக்கவாத்தியம், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரம் ஒன்றும் இராது. பழைய தட்டிலும் மூன்று நிமிஷமே இருந்தது என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். தட்டுக்குப் பாடிய வித்வான் அந்த மூன்று நிமிஷத்துக்கென்றே தொடக்கமும் முடிவும் வகுத்துக்கொண்டு பாடினார். இப்போதோ அவர் விஸ்தாரமாகக் கட்டியதிலிருந்து அனுப்புகிறவர் தமக்குப் பிடித்த துண்டை நறுக்கிக்கொள்கிறார். விளம்ப காலத்தின் பொறுமையை இந்தத் துண்டுகளால் ஒருவரும் கற்றுக்கொள்ள முடியாது.

இன்று பாடும் வித்வான்களின் உரிமையையும் எண்ண வேண்டும். 1994-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தம் நிகழ்ச்சியின்மேல் உரிமை உண்டு என்று ஏற்றது. மறைந்தவர்களின் பதிவுகள் கைமாறியதால் நம் சங்கீதம் பிழைத்தது என்பது மெய். அதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டு, போன வாரம் பாடிய இளைஞரின் கச்சேரியை அவர் அனுமதியின்றி நூறு பேருக்கு அனுப்புவதும், அவருடைய ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்காமல் பிரதி எடுத்துக்கொள்வதும், அவருடைய ஜீவனத்தில் கை வைப்பதே ஆகும்.

இவ்வளவையும் சொன்ன பின்னும் இந்த வழக்கம் நீடிக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். கம்பெனியும் வானொலியும் கைவிட்டதை ரசிகர்களே காப்பாற்றினார்கள் என்ற ஒன்றே அதற்குப் போதும். ஒரு வேண்டுகோள் மாத்திரம் உண்டு. மந்தைவெளியிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் பரண்மேல் நாடாச் சுருள்கள் வைத்திருக்கும் குடும்பத்தினர், அவற்றைப் பதிந்த பெரியவர் நினைவுத் தெளிவோடு இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, பாடியவர், பக்கவாத்தியம், இடம், ஆண்டு ஆகியவற்றை அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிரதியை மியூசிக் அகாடமி போன்ற ஒரு பொது ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். தனி ஆவர்த்தனம் இருந்தால் அதையும் வெட்டாமல் கொடுங்கள்.