நிணநீரைத் தள்ளிவிட ஆள் வேண்டுமா?

கன்னத்தில் உருட்ட ஒரு கல் உருளை, தொடையில் தேய்க்க உலர்ந்த தூரிகை, வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர், கூடத்தில் குட்டி டிராம்போலின். ‘நிணநீரைத் தூண்டும்’ என்று சொல்லியே இத்தனையும் விற்கிறார்கள். இவற்றுக்கு அடிப்படையான வாதம் ஒன்றுதான்: ரத்தத்துக்கு இதயம் இருக்கிறது, நிணநீருக்குப் பம்பு இல்லை, நாம் அசைக்காவிட்டால் அது தேங்கி நச்சாகும்.

வாதத்தின் முதல் பாதியே நிற்காது. பெரிய நிணநீர்க் குழாய்களின் சுவரில் தசை உண்டு. ஒரு வால்வுக்கும் அடுத்த வால்வுக்கும் இடைப்பட்ட துண்டு தானே சுருங்கி நீரை முன்னே தள்ளுகிறது. நடக்கும்போது இறுகும் கெண்டைக்கால் தசையும், மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் குறையும் அழுத்தமும் அதற்குத் துணை. திசுக்களில் கசிந்து மிஞ்சிய நீரும் புரதமுமாக நாளொன்றுக்குச் சில லிட்டர் இப்படியே ரத்தத்துக்குத் திரும்புகிறது. தூங்குகிறவருக்கும் இந்த வேலை நடக்கிறது. நச்சை முறிப்பது முக்கியமாகக் கல்லீரல், வடித்து வெளியேற்றுவது சிறுநீரகம். நிணநீர் முடிச்சுகள் கிருமிகளைப் பிடித்துவைப்பது உண்மைதான். ஆனால் நலமாக இருப்பவரின் நிணநீரை விரட்டினால் அவர் இன்னும் நலமாவார் என்று காட்டிய நல்ல ஆய்வு இல்லை.

டிராம்போலின் விற்பவர்கள் ‘நாசாவே சொன்னது’ என்பார்கள். அவர்கள் காட்டும் 1980ஆம் ஆண்டு ஆய்வில் அளந்தது குதிப்பவரின் உடல் மீது விழும் முடுக்கத்தையும் ஆக்ஸிஜன் நுகர்வையும். நிணநீர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

மசாஜை அப்படித் தள்ளிவிட முடியாது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930களில் உருவாக்கிய மென்மையான தடவல் முறைக்கு மருத்துவமனைகளில் இன்றும் இடமுண்டு. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் அக்குள் முடிச்சுகளை எடுத்த பிறகு கை வீங்கும் பெண்களுக்கு அதைச் செய்கிறார்கள். பல சோதனைகளைத் தொகுத்து 2015இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு அதன் பலன் எவ்வளவு என்று காட்டியது. இறுக்கக் கட்டு மட்டும் வீக்கத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மசாஜையும் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது சுமார் 7 விழுக்காடு. உண்மையான நோயிலேயே மசாஜ் இரண்டாம் ஆள் என்றால், அழகு நிலையத்தில் அது செய்யும் அற்புதம் எவ்வளவு இருக்கும்?

இதே பெண்களிடம் ‘பாரம் தூக்காதே’ என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 141 பெண்களைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். மெல்ல மெல்லப் பளுவைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது திடீரென மோசமாகும் தருணங்கள் குறைந்தன. பயத்தால் தலைமுறையாகச் சொன்ன அறிவுரை, சோதித்துப் பார்த்தபோது கவிழ்ந்தது.

நம் பக்கத்தில் நிணநீர் கெட்டால் என்ன ஆகும் என்பதை விளம்பரம் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்துக்காரர்கள் யானைக்காலைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கொசு கொண்டுவரும் புழு நிணநீர்க் குழாயில் குடியிருந்து அதைப் பழுதாக்குகிறது. மாத்திரை புழுவின் குஞ்சுகளைக் கொல்லும். முற்றிப் பருத்த காலைப் பழையபடி ஆக்காது. தோல் வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து காய்ச்சல் வரும் ஒவ்வொரு முறையும் கால் இன்னும் பருக்கிறது. ஆகவே தினமும் சோப்புப் போட்டுக் கழுவுவது, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது, வெடிப்புக்கு மருந்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை அசைப்பது, செருப்பு. நிணநீருக்கு ‘ஆதரவு’ என்று எதையாவது சொல்லலாம் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். சோப்பிலும் தண்ணீரிலும் லாபம் குறைவு என்பதால் இதற்கு யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

நலமானவருக்கு என் தீர்ப்பு: நடை, உடற்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு. உடல் பருமன் நிணநீர் ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதால் மட்டுமல்ல, அவை மற்ற எல்லாவற்றுக்கும் நல்லவை என்பதாலும். தூரிகை தோலைக் கீறாதவரை வெறும் பொழுதுபோக்கு. எலுமிச்சைத் தண்ணீர் தாகத்துக்கு.

ஆனால் வீக்கம் என்றாலே நிணநீர் என்று நினைத்துத் தேய்ப்பதில் ஆபத்து இருக்கிறது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். இரு காலும் வீங்கி மூச்சு வாங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். சிவந்து சுடும் காலையும் பிடித்துவிடக் கூடாது. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டிச் சில வாரங்களாகியும் வற்றவில்லை என்றால் உருளையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.