மலையகச் சஞ்சிகைகளும் இலக்கிய வரலாறும்

தோட்டத் துரைமார் தம் தொழிலாளரிடம் பேசுவதற்கென்று ஆக்கப்பட்ட தமிழ்க் கைந்நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு இலங்கையில் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பது. ஏ. எம். பெர்குசன் எழுதிய அந்நூல் சின்னத்துரையின் சட்டைப்பைக்கான வழிகாட்டி எனத் தன்னை அழைத்துக்கொண்டது. 1915இல் வெல்ஸ் என்பார் எழுதிய 'கூலித் தமிழ்' அதே இனத்தைச் சேர்ந்தது. இந்நூல்கள் இன்றும் நூலகங்களில் உள்ளன. பெர்குசன் குடும்பத்தார் 1881இல் தொடங்கிய 'டிராப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' என்ற விவசாயச் சஞ்சிகையின் தொகுதிகளும் தடித்த அட்டைக்குள் பத்திரமாக இருக்கின்றன. தேயிலைச் செடிக்கு எந்த உரம் இடப்பட்டது என்பதை ஆய்வாளன் ஒருவன் அவற்றிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

துரை பேசிய தமிழ் இவ்வாறு காக்கப்பட்டிருக்க, துரைக்கு மறுமொழியாகத் தொழிலாளி பேசிய தமிழ் என்னவாயிற்று? துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையைக் கண்ட கோ. நடேசய்யர், 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தவரும் அவரே. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களிற் பாடிய பாடல்கள் 1940இல் சிறுநூலாக அச்சேறின. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் காலம் அது. ஒரு பிரதி ஒரு லயத்துக்கே போதுமானதாக இருந்தது. ஆகவே அச்சிட்ட பிரதிகளும் சில. கைக்குக் கை மாறிக் கிழிந்தவையே அவற்றிற் பல.

இதிலிருந்து ஒரு விபரீதம் விளைந்தது. மலையக இலக்கியம் என்பது 1960களிற் பிறந்ததொன்று என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலம் ஆட்சி செய்தது. சிறுகதைப் போட்டிகளும் எழுத்தாளர் மன்றமும் தோன்றிய அக்காலத்தைப் பிறப்பாகக் கொண்டவர்கள் அதற்கு முந்திய காலத்தை வாய்மொழிப் பாடலுக்கு விட்டுக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத் தொழிலாளி பாடுவான், அழுவான். வாதிடமாட்டான், எழுதமாட்டான் என்பதே இத்தீர்ப்பின் உட்பொருள். அதனை மறுத்தது புதிய விமர்சனக் கோட்பாடு எதுவும் அன்று, பழைய காகிதமே. தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தராய் இருந்த சாரல்நாடன், பழைய பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடிப் படித்து எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' 1988இல் வெளிவந்தது. நம் இலக்கிய வரலாற்றின் தொடக்கம் அதனோடு சில பத்தாண்டுகள் பின்னோக்கி நகர்ந்தது. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். நம்முடைய பேராசிரியர்கள் அவருடைய நூலை மேற்கோள் காட்டிய அளவுக்கு அவருடைய தேடலைத் தொடர்ந்தார்களா என்பது வேறு கேள்வி.

தேடிய பின்னரும் நாம் செய்யும் ஒரு தவறு உண்டு. பழைய இதழ் ஒன்று கைக்கு வந்ததும் அதிலுள்ள நல்ல கதையை மாத்திரம் கத்தரித்து எடுத்து, எஞ்சியதைச் சக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். தொகுப்பு நூல்களை நான் குறை கூறவில்லை. 1971இல் 'கதைக்கனிகள்' வெளிவந்திராவிட்டால் ஒரு தலைமுறையின் போட்டிக் கதைகள் வீரகேசரியின் பழைய பிரதிகளோடு மறைந்திருக்கும். 1980களின் தொடக்கத்தில் சில இதழ்களே வந்து நின்ற 'தீர்த்தக்கரை'யின் கதைகளைப் பின்னர் நூலாக்கிய நந்தலாலா நண்பர்களின் தொண்டும் பெரிது. ஆயினும் கதை நூலாகும்போது கதையைச் சூழ்ந்திருந்தவை வெளியே நின்றுவிடுகின்றன. ஆசிரியத் தலையங்கம், வாசகர் கடிதம், சந்தா அனுப்புமாறு விடுக்கும் மன்றாட்டு, இதழ் தாமதமானதற்கு மன்னிப்பு, நகைக்கடை விளம்பரம், அச்சகத்தின் முகவரி, விலை என்பன இலக்கியம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அந்த இலக்கியம் யாருடைய காசில், யாரை நோக்கி, எந்தச் சண்டையின் நடுவே எழுந்தது என்பதற்கு அவையே சாட்சி.

நடேசய்யரையே எடுத்துக்கொள்வோம். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் இணைந்து நின்றவர், 1928 அளவில் அவரிடமிருந்து பிரிந்தார். குணசிங்காவின் அரசியல் பின்னர் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான திசையிற் சென்றது. சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொடியின்கீழ் நின்ற அந்தச் சில ஆண்டுகள் எவ்வாறு முறிந்தன என்பது நமக்கு இன்றும் எரியும் வினா. அதற்கு விடை பொறுக்கி எடுத்த பத்துக் கட்டுரைகளில் இராது. வாரந்தோறும் மாறும் தொனியில், ஒரு நாள் தோழர் என்றும் மறுநாள் பெயரை விட்டும் எழுதுவதில், வரிசையாகப் படிக்கும்போதுதான் அது தென்படும். பொறுக்கி எடுப்பவர் வீரரைத் தருவார். வரிசையோ மனிதரைத் தரும், அவருடைய தடுமாற்றங்களோடு.

இவ்விடத்தில் அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் காட்ட விரும்புகிறேன், சிலர் நகைக்கக்கூடும். அங்கு 2017இல் நிறுவப்பட்ட வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் ஒன்று உண்டு. சிறுவர் பொழுதுபோக்கு என்று பெற்றோர் குப்பையில் எறிந்த பழைய வீடியோ விளையாட்டுச் சஞ்சிகைகளை அது திரட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை முழுமையாகப் படமெடுத்து, 2025 ஜனவரியில் எண்ணிம நூலகமாகத் திறந்தது. தம் நாட்டில் வெளிவந்த பழைய விளையாட்டுக்களில் 87 வீதமானவை இன்று விற்பனையில் இல்லை என்று 2023இல் அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். விளையாட்டே கிடைக்காதபோது அதைப் பற்றிய சஞ்சிகையே ஆதாரமாகிறது. ஆகவே விளம்பரப் பக்கத்தையும் அவர்கள் விடவில்லை. அவற்றிற் பெரும்பகுதி முதலாளி சரக்கு விற்கும் கூச்சல் என்பது வேறு விஷயம். பொழுதுபோக்கின் வரலாற்றுக்கு அவர்கள் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் உழைப்பின் வரலாற்றுக்கு நாம் காட்டுகிறோமா?

காட்டாததற்கு நம் சோம்பல் மாத்திரம் காரணமன்று. பத்திரிகைக் காகிதம் மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்யப்படுவது. தன்னுள்ளிருக்கும் அமிலத்தால் தானே பழுத்து நொறுங்கும். அதனை மலையகத்தின் பனியிலும் ஈரத்திலும், கூரை ஒழுகும் லயன் காம்பராவில், அடுப்புப் புகைக்கு மேலே பரணில் வைத்தால் எத்தனை காலம் தாங்கும்? குளிருக்கும் வெடிப்புக்கும் மறைப்பாகப் பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்டுவதும் நம் வழக்கம். சாமி படத்துக்குக் கீழே கரிபடிந்திருந்த அத்தகைய தாள்களில் எழுத்துக்கூட்டிப் படித்தவர் நம்மிற் பலர் இருப்பர்.

இயற்கை செய்ததைவிட அரசியல் செய்தது அதிகம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கிட்டது. தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்டவர்கள் றங்குப் பெட்டியில் பாத்திரத்தையும் துணியையும் அடுக்கினார்கள்; பழைய 'தேசபக்தனை' யார் அடுக்குவார்? 1977, 1981, 1983 வன்செயல்களில் எரிந்த காம்பராக்களுக்குப் பட்டியல் எடுத்தவர் இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததை உலகம் அறியும், அறியவும் வேண்டும். ஆனால் ஒரு நூலகம் எரிந்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆயிரம் பரண்கள் எரிந்தால் அதற்குப் பெயர் இல்லை.

அரசு சேகரிக்கவில்லையா என்று கேட்கலாம். அச்சிட்டதன் பிரதியைக் கையளிக்க வேண்டும் என்ற சட்டம் 1885 தொட்டே இந்நாட்டில் உண்டு. தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு நாம் நன்றி கூற வேண்டிய இடங்கள் பல. ஆயின் அது கொழும்பில் இருக்கிறது. ஒரு நாட் சம்பளத்தை இழந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைப்பவருடைய பிள்ளை, தன் பாட்டனார் எழுதிய கடிதம் அச்சாகியிருந்ததா என்று பார்க்க அங்கு செல்வது எவ்வாறு? இத்தூரத்தைக் குறைத்தது 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம். ஈழத்து நூல்களோடு 'கொழுந்து', 'குன்றின் குரல்' போன்ற மலையக இதழ்களையும் பக்கம் பிசகாமல் இணையத்தில் வைத்ததோடு, உள்ளடக்கத்தையும் தலைப்புத் தலைப்பாகத் தமிழிலேயே அது பதிந்து வருகிறது. உள்ளடக்கம் பதியப்படாத படம் பூட்டிய அலுமாரிக்கு ஒப்பானது என்பதை அந்த இளைஞர்கள் நம் பட்டியல்காரர்களிலும் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். 1960களின் 'மலைமுரசு', சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியராயிருந்த 'மாவலி' ஆகியவற்றின் ஒவ்வோர் இதழும் அவ்வாறே எவர் கைக்கும் எட்ட வேண்டும்.

இவ்விதழ்களில் உள்ளவை யாவும் உயர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. தமிழகத்து வார இதழ்களின் காதல் தொடர்களைப் பார்த்து எழுதிய சரக்கும் அவற்றில் உண்டு. எட்டு மணிநேரம் மலையேறியவன் மாடிவீட்டுக் காதலை ஏன் எழுதினான் என்பதும் ஆராயத்தக்கதே. சேர்த்த பின் தரம் பிரிப்போம்.

தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு மாதமும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து சந்தா பெறுகின்றன. அச்சந்தாவில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு ஹற்றனிலோ தலவாக்கலையிலோ ஈரம் புகாத ஓர் அறையும், படமெடுக்கும் கருவி ஒன்றும், சம்பளத்துக்கு ஓர் இளைஞரும் ஏற்படுத்தும்படி நாம் வற்புறுத்த வேண்டும். 2023இல், 200 ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களை வரவேற்ற கூட்டத்துக்கு இது இயலாத காரியமன்று.

அதுவரையில் ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தென்மேற்குப் பருவமழை பிடிக்குமுன், மாணவரைத் தத்தம் வீட்டுப் பரணையும் றங்குப் பெட்டியையும் பார்த்து வரச் சொல்லுங்கள். கிடைத்ததைப் பசைநாடா கொண்டு ஒட்ட வேண்டாம்; பிளாஸ்டிக் உறையில் சூடாக்கி அடைக்கவும் வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, நிலத்திற் படாமல் வைத்து, பகல் வெளிச்சத்தில் அட்டை முதல் கடைசி விளம்பரம் வரை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள். ஓரத்தில் யாரேனும் பென்சிலால் சம்பளக் கணக்கு எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். பெட்டியை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.