மூலிகையும் முறையும்

2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020-இல் கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரும் தமிழகத்தின் தெருமுனை வரை வந்து சேர்ந்தன. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கியவர்களும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். இந்த வரவேற்பு நெஞ்சை நிறைக்கிறது. ஆனால் மூலிகை மீதுள்ள பற்று மட்டும் இதை நிலைநிறுத்தாது. மருந்து செய்முறையில் கண்டிப்பும் வேண்டும்.

இந்தக் குடிநீர்களைத் தந்த சித்த மருத்துவம் பல வழிகளில் நம்மிடம் வந்தது. குமரி மாவட்டத்து ஆசான்மார் வர்மத்தையும் அதற்குரிய எண்ணெய்களையும் குருவழியில் காத்தனர். யாழ்ப்பாணத்துக்குச் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்களின் மரபு உண்டு. ஊர்தோறும் பரம்பரை வைத்தியர்கள் சுவடியும் கைப்பக்குவமுமாக மருத்துவம் பார்த்தார்கள். நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை மாகாண அரசு 1921-இல் அமைத்த உஸ்மான் குழுவை அடுத்து, 1925-இல் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியும், 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தன.

வழிகள் பலவானாலும் மருந்துக்கு இலக்கணம் வகுப்பதில் நம் முன்னோர் விட்டுக்கொடுக்கவில்லை. அக மருந்து 32, புற மருந்து 32 என்று பிரித்து, அக மருந்துகளுக்கு ஆயுளும் குறித்தார்கள்: சாறும் குடிநீரும் 3 மணி நேரம், சூரணம் 3 மாதம், பற்பம் 100 ஆண்டு.

நிலவேம்புக் குடிநீரையே பார்ப்போம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று சரக்கு ஒன்பது. சுக்குக்குத் தோலில் நஞ்சு என்பது வைத்தியர் வாக்கு. அதனால் சுண்ணாம்பு பூசி ஊறவைத்துக் கழுவி, தோல் சீவியபின்தான் சேர்ப்பார்கள். ஒன்றிரண்டாக இடித்த பொடியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நாலில் ஒரு பங்காக வற்றியதும் வடிகட்ட வேண்டும். காலையில் அண்டாவில் காய்ச்சி மாலை வரை ஊற்றிக் கொடுத்தால், எவ்வளவு நல்ல மனத்தோடு கொடுத்தாலும் அது நூல் சொன்ன குடிநீர் ஆகாது.

செடியிலிருந்து வந்தது தீங்கு செய்யாது என்று சித்த நூல்கள் சொல்லவில்லை. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து வயல்களில் விளையும் கண்வலிக்கிழங்கின் விதை, கோல்கிசின் என்னும் மருந்துக்கு மூலப்பொருள். அளவு மீறினால் அந்தச் செடியே உயிரைப் பறிக்கும். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தொடமாட்டார்.

இன்றைய சட்டமும் இதே கண்டிப்பைத்தான் வேறு மொழியில் கேட்கிறது. சித்த மருந்துத் தயாரிப்புக்கான நன்னெறிகள் 2000-ஆம் ஆண்டில் விதியாயின. சரக்கு இன்னதுதானா, ஈரம் எவ்வளவு, கன உலோகமும் கிருமியும் வரம்புக்குள் உள்ளனவா என்று ஆய்வுக்கூடம் சோதிக்கிறது. கண்ணும் மூக்கும் நாக்கும் கொண்டு சரக்கறிந்த பரம்பரை வைத்தியர், இந்த ஆய்வுக்கூடத்துக்குப் போட்டியல்லர்; அங்கே உட்கார வேண்டிய ஆசிரியர்.

எனவே மருந்து வாங்குவோர் உரிம எண்ணும் தயாரித்த தேதியும் பார்த்து வாங்குங்கள். வேறு மருந்து சாப்பிடுவோர் அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். குடிநீர் வழங்கும் அமைப்புகள் வேளைக்கு வேளை புதிதாய்க் காய்ச்சுங்கள். மக்கள் நம்பி வந்துவிட்டார்கள். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த மருந்தைக் கொடுப்பது நம் கடமை.