பழுப்புப் பற்கள்: தருமபுரியும் அனுராதபுரமும்

சிரிப்பை அழகாக்கும் பல் சிகிச்சை என்றதும் சென்னையிலும் கொழும்பிலும் விளம்பரப் பலகைகளில் பளீரென்று தெரியும் பல்வரிசைதான் நினைவுக்கு வரும். அந்தச் சிகிச்சை யாருக்கு உண்மையில் வேண்டும் என்று தேடிப் போனால், இந்தப் பக்கம் தமிழ்நாட்டுத் தருமபுரியின் பென்னாகரத்துக்கும் அந்தப் பக்கம் இலங்கை அனுராதபுரத்தின் மதவாச்சிக்கும் போக வேண்டியிருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளிலும், அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பக்கத்துக் குழாய்க் கிணறுகளிலும் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெயில் ஊர்களில் மக்கள் குடிக்கும் தண்ணீர் அதிகம் என்பதால் அந்த அளவே கூடுதல் என்பவர்களும் உண்டு. இந்தியத் தரநிலை 1 மில்லிகிராமையே விரும்பத்தக்க வரம்பாக வைத்திருக்கிறது.

எட்டு வயதுக்குள், நிலைப்பற்கள் ஈறுக்குள்ளேயே உருவாகும் காலத்தில், இந்தத் தண்ணீர் உள்ளே போனால் எனாமல் சரியாக இறுகாது. முளைக்கும்போது சுண்ணாம்பு தடவியதுபோல் வெண்திட்டுகள் தெரியும். பிறகு அவை பழுப்பேறும். வெற்றிலைக் கறை வேறு. அது மேலே படிவது, ஒருமுறை கிளீனிங் செய்தால் போய்விடும். ஃபுளோரைடுக் கறையோ பல்லோடு பிறந்தது, எவ்வளவு துலக்கினாலும் போகாது. இது தெரியாமல் 'பல்லே தேய்ப்பதில்லையா?' என்று கேட்பவர்கள் இரண்டு நாட்டிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து கரியும் உப்பும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, இருக்கிற எனாமலையும் இழந்தவர்கள் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், இலங்கையில் அதே செங்கல் வேறு விதத்தில் உதவியிருக்கிறது: சுட்ட செங்கல் துண்டுகளை நிரப்பிய வீட்டு வடிகட்டி ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டு, கிராமங்களில் கொடுத்தார்கள். இந்தியாவில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் முறை பிரபலம். நல்கொண்டா மாவட்டத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

கறை படிந்துவிட்ட பல்லுக்கு என்ன வழி? கறை லேசாக இருந்தால் பிளீச்சிங். அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை அளவெடுத்துச் செய்த தட்டில் இட்டு, வீட்டிலேயே இரவில் மாட்டிக்கொள்வது பழைய, நம்பகமான முறை. முதல் சில நாட்களில் வெண்திட்டுகள் இன்னும் வெளுத்துத் தெரியும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் நோயாளி பயந்துவிடுவார். பழுப்பு அழுத்தமாக இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் நுரைக்கல் தூளையும் குழைத்து மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சுரண்டும் மைக்ரோ அப்ரேஷன். பல்லில் பள்ளமே விழுந்திருந்தால் பல் நிறக் காம்போசிட் பூச்சு. அதற்கும் அடங்காதபோதுதான் பீங்கான் வெனீர். அதற்கும் பிறகுதான் பல்லைச் சுற்றிலும் குறுக்கிக் கேப் போடுவது. வெனீருக்கு அரை மில்லிமீட்டர் அளவு எனாமலைச் சீவ வேண்டியிருக்கும். முன்பல்லின் எனாமல் நுனியில் ஒரு மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும், ஈறு ஓரத்தில் அதிலும் குறைவு. சீவியது திரும்ப வளராது. ஆகையால் இந்த வரிசையின் முதல் படியில் ஆரம்பிப்பதுதான் முறை.

இந்த இடத்தில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன. இந்தியாவில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, பெரும்பாலும் தனியாருடையவை. ஆண்டுக்கு 25,000க்கு மேல் பிடிஎஸ் இடங்கள். சேலத்திலும் ஓசூரிலும் தெருவுக்கு ஒரு கிளினிக்கைப் பார்க்கலாம். போட்டி மிகுந்தால் விலை இறங்கும், வேலையும் வேகமாக நடக்கும். கூடவே, ஒரு நோயாளியிடமிருந்து கூடுதலாக ஏதாவது சம்பாதித்தாக வேண்டிய நெருக்கடியும் வரும். பிளீச்சிங்கில் தீர வேண்டிய பல்லுக்கு ஆறு கேப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பெண்ணை அழைத்து வந்து 'சீக்கிரம் முடியுங்கள்' என்று நிற்கும் குடும்பத்துக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பத்து நாளில் இரவுத் தட்டு வேலை முடியாது, கேப் முடியும்.

இலங்கையில் கதை நேர்மாறு. பல காலம் பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றில்தான் பல் மருத்துவப் பட்டப்படிப்பு இருந்தது. ஜப்பானின் உதவியில் கட்டப்பட்ட அதன் போதனா வைத்தியசாலைக்குத் தூரத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். அரசு வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் பல் பிடுங்கவும் அடைக்கவும் வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது நிறம் மாற்ற வந்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். காலையில் அரசுப் பணி, மாலையில் தனியார் கிளினிக் என்று வேலை பார்க்கும் பல் வைத்தியர்கள் பலர். தனியாரிடம் போனாலும், பொருட்கள் பெரும்பாலும் இறக்குமதி. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு பீங்கான் வெனீர் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாத ஒன்றாகிவிட்டது. இந்தத் தட்டுப்பாடு, யாரும் திட்டமிடாமலே, நிறையப் பேரின் எனாமலைக் காப்பாற்றியிருக்கிறது என்பேன். அதற்காக அதைப் புகழ முடியாது. கறைப் பல்லோடு பத்து வருடம் வாயை மூடிச் சிரித்த பிள்ளைக்கு அந்தப் புகழ்ச்சியால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இலங்கையிடம் உள்ள, இந்தியாவிடம் அந்த அளவில் இல்லாத ஒன்று பாடசாலைப் பற்சிகிச்சையாளர். நியூசிலாந்து முறையைப் பின்பற்றி மகரகமவில் பயிற்சி பெறும் இவர்கள், மூன்று முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளின் பல்லைப் பள்ளியிலேயே பார்க்கிறார்கள். முன்பல் முளைத்த கையோடு திட்டைக் கண்டுபிடித்து, வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். தருமபுரிப் பள்ளிக்கு எப்போதாவது ஒரு முகாம் வரும். தனியார் கல்லூரிகள் கிராமத்துக்கு வாகனம் அனுப்பி நோயாளிகளை அழைத்துப்போவதும் உண்டு. மாணவர்களின் பயிற்சிக்கும் ஆள் வேண்டுமே. குறைந்த செலவில் நல்ல காம்போசிட் வேலை அங்கே நடக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

தண்ணீரை மாற்றும் வேலையை இரு நாடுகளும் ஜப்பானியக் கடனில்தான் தொடங்கின. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கர்நாடகத்தின் எதிர்ப்பையும் தாண்டி 2013இல் தொடங்கியது. அனுராதபுர மாவட்டத்தின் வடபகுதிக்கு மகாகனதராவக் குளத்து நீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பும் திட்டம் அதற்குப் பின்னால் வந்தது. காரணம் தெரியாத சிறுநீரக நோயின் பயத்தால் அந்தப் பகுதியில் ஊருக்கு ஊர் ஆர்.ஓ. நிலையங்களும் முளைத்தன, சிறுநீரகத்துக்காக வந்த வடிகட்டி பல்லுக்கும் உதவுகிறது. இந்தத் திட்டங்களின் குழாய்நீரில் வளரும் பிள்ளைக்கு முன்பல் வெள்ளையாகவே முளைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மீண்டும் போர்வெல்லுக்குப் போகும் வீடுகளில் அந்த உறுதி இல்லை.

ஏற்கெனவே கறைபட்ட தலைமுறைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இறுகாத எனாமலில் காம்போசிட் சரியாக ஒட்டாது. வழக்கத்தைவிட நீண்ட நேரம் அமிலம் வைத்துத் தயார்செய்ய வேண்டும், அப்படியும் ஓரம் பெயரலாம், சில வருடங்களில் நிறமும் மங்கும். மெருகேற்றவும் பெயர்ந்த இடத்தை ஒட்டவும் நோயாளி திரும்பி வந்தாக வேண்டும். முகாம் வாகனத்தில் கல்லூரிக்குப் போய்வந்தவருக்கு அந்த வாகனம் மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. மதவாச்சிக்காரருக்குப் போக வேண்டிய இடம் தெரியும். அங்கே அடுத்த தவணை கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்பதுதான் அவர் கவலை.