யாருடைய லட்சணம்?

எங்க பாட்டி செத்த அன்னைக்குத்தான் அவளுக்கு ஒரு போட்டோகூட இல்லை என்பது வீட்டில் உறைத்தது. ஆயுசு முழுக்கத் தேவதானம் பக்கத்து வயக்காடுகளில் நாத்து நட்டவள். வாக்காளர் அட்டையில் இருந்த சின்ன முகத்தை எடுத்துக்கொண்டு ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். பெரிசாக்கி, பிரேம் போட்டுக் கொடுத்தார்கள். பார்த்ததும் அம்மா கேட்டாள்: "இது யாருப்பா? நம்ம கெழவி இல்லையே." கம்ப்யூட்டரில் முகத்தை வெளுக்க வைத்து, கழுத்துக்குக் கீழே ஒரு பட்டுச்சேலையை ஒட்டியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. 'லட்சணமா இருக்கட்டுமே' என்றுதான் செய்தார். அந்த லட்சணம் யாருடையது என்பதே என் கேள்வி.

ஒளிப்படம் கலையா, தொழிலா என்கிற விவாதம் பழசு. கண்ணாடித் தகட்டிலிருந்து பிலிமுக்கும், பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கும், அப்புறம் செல்போனுக்கும் அது மாறி வந்த கதையும் தெரிந்ததுதான். கருவி மாறியது சரி. பார்வை மாறியதா?

கேமரா இந்த மண்ணுக்கு வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரையிலும் தஞ்சாவூரிலும் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். அன்றைய முறையில் வெகுநேரம் ஒளி விழ வேண்டும். நடமாடுகிற ஆள் பதியமாட்டான், கல் பதியும். 1876-78 பஞ்சத்தில் டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எலும்பும் தோலுமான ஜனங்களைக் கூட்டமாக உட்கார வைத்து எடுத்தார். மூக்கை அளந்து சாதியைக் கணித்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அதன் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. தேவதானம் என்றாலே கோயிலுக்கு விட்ட நிலம் என்றுதான் அர்த்தம். இன்றைக்கும் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலைப் படமெடுக்க வருகிறவர்கள் கோபுரத்தை எடுக்கிறார்கள், மேற்கு மலையை எடுக்கிறார்கள். வயலில் குனிந்து நிற்கிற எங்க சனம் 'பசுமையான காட்சி'க்குள் ஒரு புள்ளியாகப் போய்விடுகிறது.

தொழில்நுட்பமும் நடுநிலையானதல்ல. கலர் பிரிண்டில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் கம்பெனி கொடுத்த 'ஷெர்லி கார்டு' அட்டையில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்கு அமைத்த அளவில் கறுத்த முகம் இருட்டிப்போனது. நம்மூர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்வார்கள். நெகட்டிவில் கறுப்பு கூடினால் பிரிண்டில் வெளுப்பு கூடும். கண்ணை உறுத்தாமல் அதைச் செய்வது லேசான வேலை அல்ல. அந்தக் கைத்தொழில் டிஜிட்டலோடு அழிந்தது. ஆனால் அதன் புத்தி அழியவில்லை. செல்போனில் 'பியூட்டி' பட்டனாக உட்கார்ந்திருக்கிறது. எங்க தெருப் பிள்ளைகளும் அதை அமுக்கித்தான் தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த லட்சணத்தை முதலில் உடைத்தது சேரி வீட்டுச் சுவரில் தொங்குகிற ஒரு படம்தான். கோட்டு, டை, மூக்குக்கண்ணாடியோடு நம்மைப் பார்க்கும் அம்பேத்கர். கலை விமர்சகர்கள் அதைக் காலண்டர் படம் என்று ஒதுக்கலாம். நம்மை எப்படிப் பார்க்கணும் என்று நாமே ஊருக்குச் சொன்ன படம் அது. அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் திரும்பத் திரும்பச் சிரிக்காத முகத்தோடு படம் எடுத்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

எங்க வட்டாரத்தில், வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டியிலிருந்து வந்த பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளியானது. எழுத்தில் நடந்த அந்தக் கலகம் ஒளிப்படத்தில் நடக்க வெகுகாலம் ஆயிற்று. பேனா மலிவு, கேமரா மலிவல்ல. மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் எம். பழனி குமார் கடன் வாங்கித்தான் கேமரா வாங்கினார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழிக்குள் இறங்கிச் சாகிற மனிதர்களை விடாமல் பதிவுசெய்தவர். 2022இல் முதலாவது தயானிதா சிங்-பாரி ஒளிப்பட விருது அவருக்குக் கிடைத்தது. பக்கிங்காம் கால்வாயில் வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணை அவர் எடுத்த படங்களில் உழைப்பு காட்சிப்பொருளாக இல்லை. படத்தோடு அந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் வருமானமும் கடனும் வருகின்றன. தர்ஸ்டன் மறுத்ததை இவர் திருப்பித் தருகிறார்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அது பழனி குமார் மேல் மட்டுமல்ல, நம் எல்லார் மேலும். நம் ஆட்களின் படம் சாவிலும் சாக்கடையிலும்தான் வரணுமா? சாட்சிப்படம் கட்டாயம் வேண்டும். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். ஆற்றில் இறங்கியவர்களைப் போலீஸ் அடித்ததைக் காட்டிய படங்கள் இல்லையென்றால் 'அவங்களே விழுந்தாங்க' என்று கதையை முடித்திருப்பார்கள். ஆனால் சாட்சி மட்டுமே வாழ்க்கை ஆகாது. அப்படிப் படங்களை மட்டுமே சேர்த்தால் கண்காட்சிக்கு வருகிறவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார். நம் சிரிப்பு, நம் சண்டை, நம் கல்யாணம், வேலை இல்லாத மத்தியானத்துத் திண்ணை, இதெல்லாம் யார் எடுப்பது? பழனி குமார் உழைக்கும் சனங்களின் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். பதில் அந்தப் பிள்ளைகளிடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

படமெடுக்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். பேரைக் கேட்டு எழுதுங்க. எடுத்த படத்தில் ஒரு பிரதியை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்க. அவுக அதைப் பார்த்து 'இது நான்தான்' என்று சொல்லணும். கலைக்கு நான் அறிந்த பரீட்சை அதுதான்.

பாட்டி படத்தை நாங்க மாற்றிவிட்டோம். டச்சிங் எதுவும் வேண்டாம் என்று சொல்லி, அட்டையில் இருந்த முகத்தை அப்படியே பெரிசாக்கி வாங்கினோம். மங்கலாகத்தான் இருக்கிறது, கறுப்பாகத்தான் இருக்கிறது. அம்மா அதைத்தான் சுவரில் மாட்டினாள். கீழே பாட்டியின் பேரை எழுதியிருக்கிறோம்.