பல்லவியில் குரலை ஏற்றாத துணிச்சல்

“முணுமுணுக்கத்தான் தெரியும், பாடத் தெரியாது. மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்கிறது.” 2019 மார்ச்சில் ஒரு பாடகியின் முதல் ஆல்பம் வந்ததிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில், வீட்டுப் படுக்கையறையில், அண்ணனோடு சேர்ந்து எழுதிப் பதிவுசெய்த பதினேழு வயதுப் பெண்ணின் ஆல்பம். விருதுக் கணக்கு இங்கே வேண்டாம். நான் பேச வந்தது ஒரே ஒரு முடிவைப் பற்றி: பல்லவி வரும்போது அவர் குரலை ஏற்றுவதில்லை.

பாப் பாட்டின் வழக்கம் தெரிந்ததுதான். சரணம் அடக்கி வாசிக்கும். பல்லவியில் தொண்டை திறக்கும். எலெக்ட்ரானிக் இசைக்கும் அதே கணக்கு உண்டு: டிரம்ஸ் மேலும் மேலும் நெருங்கி ஏறும், ஒரு நொடி நிற்கும், பிறகு ‘டிராப்’ வெடிக்கும். 2010களில் இந்த இரண்டையும் ஒட்டி எத்தனை பாடல்கள் வந்தன! பாடகரும் ஏறுவார், மெஷினும் ஏறும். கேட்பவருக்கு மூச்சுவிட இடம் இருக்காது.

இந்த ஆல்பத்தின் பெரிய ஹிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பேஸ் தாளம் தப்பாமல் நடக்கிறது. குரல் காதோரம் வந்து பேசுகிறது. வெடிக்க வேண்டிய இடம் வந்ததும் எல்லாம் சட்டென நிற்கிறது. அசட்டையாக ஒற்றைச் சொல் விழுகிறது. அதன் பிறகு குறும்பான மெட்டொன்று சின்தசைசரில் வருகிறது, குரல் ஒதுங்கிக்கொள்கிறது. ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுவதும் பேட்டிங்தான். அதை இயலாமை என்று எந்த ரசிகரும் சொல்லமாட்டார். பாட்டில் மட்டும் ஏன் சொல்கிறோம்?

நம் காது வேறு காலத்தில் பழகியது, அதுதான் காரணம். மைக் இல்லாத நாடக மேடையில் ஐந்து கட்டையில் பாடினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். ‘கணீர்’ என்ற பாராட்டு அந்தத் தேவையில் பிறந்தது. 1925 வாக்கில் மைக் வைத்துப் பதிவுசெய்யும் முறை வந்ததும், அமெரிக்காவில் மெல்லப் பாடும் பாடகர்கள் கிளம்பினார்கள். அவர்களையும் அன்று ‘இது ஒரு பாட்டா’ என்றுதான் ஏசினார்கள்.

மெல்லப் பாடுவது சுலபம் என்பது இன்னொரு தப்புக் கணக்கு. வாயருகே மைக்கை வைத்தால் கீழ் ஸ்தாயி தடித்துக் கேட்கும். சிறிய ஒலியை கம்ப்ரெசர் மேலே தூக்கிக் கொடுக்கும்போது மூச்சு, உதடு பிரியும் சத்தம், அரைக்கால் சுருதிப் பிசகு எல்லாம் சேர்ந்து மேலே வரும். உரக்கப் பாடுபவர் பிசகைச் சத்தத்தில் மறைத்துக்கொள்ளலாம். இவருக்கு அந்த மறைப்பு இல்லை. அதனால்தான் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, நல்ல துண்டுகளைப் பொறுக்கி இணைக்கிறார்கள். இது மெஷின் செய்யும் வேலை இல்லை, காது செய்யும் வேலை.

குரல் விட்டுக்கொடுத்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்றும் பாருங்கள். சிட்னியில் சாலையைக் கடக்கும் இடத்தில் ஒலிக்கும் சிக்னல் சத்தம் தாளமாகிறது. பல் மருத்துவரின் டிரில் சத்தம் இன்னொரு பாட்டில் கூசவைக்கிறது. தொண்டை கிழியப் பாடும் பாட்டில் இவை எதுவும் காதில் விழாது. பாப்பும் எலெக்ட்ரானிக்கும் கலந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். கலக்க இடம் கொடுத்தது அந்த அடக்கமான குரல்தான் என்று எழுதியவர்கள் குறைவு.

அவரால் முடியாததால் பாடவில்லை என்றவர்களுக்கு 2021லேயே பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புப் பாடல் கிசுகிசுப்பாகத் தொடங்கி, பாதிக்குப் பிறகு கிட்டார் இரைச்சலுக்கு நடுவே அலறலாக விரிகிறது. கையில் இருந்ததை முதல் ஆல்பத்தில் செலவழிக்காமல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

இனி நடக்கப்போவது என்ன? மெல்லப் பேசும் குரல்கள் இன்னும் குவியும். ஹெட்போனில் கேட்கும் தலைமுறை இது. ஸ்ட்ரீமிங் தளங்களும் பாடல்களின் சராசரிச் சத்தத்தைச் சமன்செய்தே ஒலிக்கவிடுகின்றன; உரக்கப் பதிவுசெய்து ஜெயிக்கும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் கிசுகிசுப்பையே வேஷமாகப் போட்டுக்கொள்பவர்கள் இரண்டாவது ஆல்பத்தைத் தாண்டமாட்டார்கள். எங்கே திறப்பது, எங்கே அடக்குவது என்ற கணக்கு இல்லாவிட்டால் மென்மையும் சலித்துப்போகும்.

அடுத்த பெரிய அறிமுக ஆல்பம் செலவு மிகுந்த ஸ்டுடியோவிலிருந்து வராது என்பது என் கணிப்பு. ஒரு லேப்டாப்பும் ஒரு மைக்கும் இருக்கும் ஏதோ ஓர் அறையிலிருந்து, எழுதுபவரே பாடும் ஆல்பமாக வரும். அதன் முதல் பல்லவியில் பாதி இடம் காலியாக இருக்கும். அன்றும் விமர்சகர்கள் ‘குரலில் பலமில்லை’ என்பார்கள். அன்றும் அவர்கள் சொல்வது தப்பாகத்தான் இருக்கும்.